பேஸ்மென்ற் கொங்கிறீற் நிலத்துக்கு என்ன போட்டோம், ஏன் போட்டோம்

வீட்டின் கீழ்த்தளமான பேஸ்மென்றின் நிலத்துக்கு மேலே என்ன போடலாம் என்று தேடுகிறவர்கள் பெரும்பாலும் கடையில் நிறம் பார்ப்பதில்தான் தொடங்குகிறார்கள். நான் சொல்ல வருவது அதற்கு நேர்மாறு. அந்தக் கொங்கிறீற் எவ்வளவு ஈரத்தை மேலே விடுகிறது, மேலே வரும் ஈரம் எங்கே போகப்போகிறது, இந்த இரண்டையும் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். எங்கள் வீடு ரொறொன்ரோவின் ஸ்காபரோவில், 1960களின் கடைசியில் கட்டிய பங்களோ. கீழே ஒரு பெரிய ஹோல், உடுப்புத் தோய்க்கும் அறை, வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் நிற்கும் மூலை, அம்மாவுக்கென்று ஒரு அறை. முழுக்கப் பழைய கார்ப்பெற் போட்டிருந்தது, அதை உயர்த்திப் பார்த்தால் வெளிச்சுவரோரம் நீளத்துக்குக் கறுப்பாகப் பூஞ்சணம்.

கொங்கிறீற் பார்க்கக் கல்மாதிரி இருந்தாலும் உள்ளே நுண்ணிய துளைகள் நிறைந்தது. அடியில் இருக்கும் மண் எப்போதும் ஈரம், அந்த ஈரம் ஆவியாக மேலே வந்துகொண்டே இருக்கும். இப்போது கட்டும் வீடுகளில் கொங்கிறீற் ஊற்ற முன் அடியில் பொலித்தீன் விரிக்கிறார்கள், எங்கள் வீடு மாதிரிப் பழைய வீடுகள் பலவற்றில் அது இல்லை. நிலம் வெறுமையாக இருக்கும்வரை வரும் ஆவி அறைக்குள் கலந்து போய்விடும், கண்ணுக்கும் தெரியாது. அதன்மேல் காற்றுப்போகாத ஒன்றை ஒட்டினால்தான் பிரச்சினை, ஈரம் அடியில் தேங்கும், கூடவே சீமெந்தில் இருக்கும் காரமும் உப்பும் மேலே வந்து பசையைக் கரைக்கும், பெயின்றை உரிக்கும். எங்கள் தோய்க்கும் அறையில் முன்னிருந்தவர்கள் அடித்த சாம்பல் நிறப் பெயின்ற் செதில் செதிலாக எழும்பி, அடியில் வெள்ளை மாவாக உப்புப் பூத்துக் கிடந்தது. நிலம் எப்படிப்பட்டது என்பதற்கு அதுவே போதுமான சாட்சி.

இருந்தாலும் சோதித்துத்தான் பார்த்தேன். தெளிவான பொலித்தீனை 18 அங்குலச் சதுரமாக வெட்டி, நிலத்தில் விரித்து, நாலு பக்கமும் காற்றுப் புகாமல் ரேப் ஒட்டி, குறைந்தது 16 மணித்தியாலம் விட வேண்டும். எடுத்துப் பார்க்கும்போது பொலித்தீனின் அடிப்பக்கம் துளி நின்றால் அல்லது கொங்கிறீற் கறுத்திருந்தால் ஈரம் மண்ணிலிருந்து வருகிறது. மேற்பக்கம் துளி நின்றால் அது அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த நிலத்தில் படிவது. இரண்டும் வேறு வேறு வியாதி, மருந்தும் வேறு. ஒரு இடத்தில் மட்டும் ஒட்டாமல் வெளிச்சுவரோரம், நடு ஹோல், வடிகால் பக்கம் என்று பல இடங்களில் ஒட்டுங்கள். அப்புறம், இதைப் பெப்ரவரியில் மட்டும் செய்துவிட்டு நிலம் காய்ந்திருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். மண் உறைந்து கிடக்கும் காலம் அது, பனி உருகும் ஏப்ரலில் ஒருமுறை, புழுக்கமான யூலையில் ஒருமுறை பார்த்தால்தான் உண்மை தெரியும். எங்கள் வீட்டில் ஏப்ரலில் வெளிச்சுவரோரம் நன்றாகக் கறுத்தது, நடுவில் லேசாக, உள்சுவர்ப் பக்கம் ஒன்றுமில்லை.

இந்தச் சோதனை ஈரம் உண்டா இல்லையா என்று சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. பசை போட்டு எதையாவது ஒட்டப் போகிறவர்கள் அளந்தே ஆக வேண்டும். கல்சியம் குளோரைட் தட்டை ஒரு மூடிக்குள் 60 முதல் 72 மணித்தியாலம் வைத்து, எவ்வளவு எடை கூடியது என்று பார்க்கும் முறை ஒன்று. கொங்கிறீற்றின் தடிப்பில் 40 வீதம் ஆழத்துக்குத் துளையிட்டு உள்ளே ஈரப்பதனை அளக்கும் முறை இன்னொன்று, இரண்டாவதுதான் கூடுதலாக நம்பக்கூடியது. வினைல், பசைப் பெட்டிகளில் 1000 சதுர அடிக்கு 24 மணித்தியாலத்தில் 3 இறாத்தல் ஈரம், துளைக்குள் ஈரப்பதன் 75 வீதம் என்றெல்லாம் சிறிய எழுத்தில் போட்டிருப்பது இந்த அளவுகளைத்தான். அதைத் தாண்டிய நிலத்தில் ஒட்டினால் உத்தரவாதம் செல்லாது.

சுவரோரம் மட்டும் கறுத்ததால் முதல் வேலை வீட்டுக்கு வெளியேதான் இருந்தது. கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் சுவரடியிலேயே கொட்டிக்கொண்டிருந்தது. ரொறொன்ரோவில் அதைக் கழிவுநீர்க் குழாயோடு இணைத்து வைக்கக் கூடாது என்று நகரசபை விதி இருக்கிறது, நல்ல விதிதான், ஆனால் கழற்றியவர்கள் அப்படியே சுவரடியில் விட்டுவிட்டால் தண்ணீர் அத்திவாரத்தோடு இறங்கி உள்ளேதான் வரும். குழாயை ஆறேழு அடி தூரத்துக்கு நீட்டி, சுவரோரம் மண் போட்டு வெளிப்பக்கம் சாயும்படி மட்டம் எடுத்தேன். அடுத்த பெருமழைக்குப் பிறகு பொலித்தீனை மறுபடி ஒட்டியபோது கறுப்பு பாதிக்குமேல் குறைந்திருந்தது. நிலத்துக்குச் செலவழித்த எந்தக் காசும் இந்த மண்ணுக்கும் குழாய்க்கும் செலவழித்த காசளவு வேலை செய்யவில்லை.

கார்ப்பெற்றைக் கழற்றியபோது அம்மாவின் அறையில் மட்டும் அடியில் 9 அங்குலச் சதுர ரைல்ஸ் கிடந்தது, கறுப்புப் பசையில் ஒட்டியது. 1980களுக்கு முந்திய வீட்டில் இந்த அளவு ரைல்ஸைக் கண்டால் தயவுசெய்து சுரண்டியில் கை வைக்க வேண்டாம். அதில் அஸ்பெஸ்ரஸ் இருக்கும் சாத்தியம் மிக அதிகம், கறுப்புப் பசையிலும் இருக்கலாம். ஊரில் கூரைக்கு அஸ்பெஸ்ரஸ் சீற் போட்டு அதன்கீழேயே வளர்ந்த எங்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது, ஆனால் உடைக்கும்போதும் அரைக்கும்போதும் கிளம்பும் நார்த்தூசி நுரையீரலுக்குள் போய்ப் பல வருடம் கழித்துத்தான் தன் வேலையைக் காட்டும். கனடா 2018 கடைசியில் அஸ்பெஸ்ரஸ் பொருட்களை இறக்குமதி செய்வதையும் விற்பதையும் பயன்படுத்துவதையும் தடைசெய்தது, பழைய வீடுகளுக்குள் இருப்பது இருந்தபடிதான் இருக்கிறது. ஒரு சிறு துண்டை ஈரமாக்கி எடுத்து, பைக்குள் மூடி, ஆய்வுகூடத்துக்கு அனுப்பினேன். இருக்கிறது என்று முடிவு வந்தது. உடையாமல் ஒட்டியபடி இருக்கும் ரைல்ஸை அப்படியே விட்டு மேலே மூடிவிடுவது ஏற்றுக்கொள்ளப்பட்ட வழி, நானும் அதைத்தான் எடுத்தேன். இதனால் அந்த அறையில் அரைக்கிற, ஆணி அடிக்கிற எந்த வேலையும் இல்லையென்று ஆகிவிட்டது, ஹோலுக்கு ஒரு முடிவு, அறைக்கு இன்னொரு முடிவு என்று பிரிந்தது இப்படித்தான்.

நிலத்தை மூட முன் றேடனையும் பாருங்கள். மண்ணிலிருந்து வெடிப்புகள் வழியாக வரும் கதிரியக்க வாயு, மணமும் இல்லை நிறமும் இல்லை, புகைத்தலுக்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் அதுதான். ஹெல்த் கனடாவின் எல்லை கன மீற்றருக்கு 200 பெக்கரல். சோதனைப் பெட்டியை யன்னல் பூட்டியிருக்கும் குளிர்காலத்தில் குறைந்தது மூன்று மாதம் வைக்க வேண்டும். எங்களுக்கு எல்லைக்குக் கீழே வந்தது, இருந்தும் நிலத்துக்கும் சுவருக்கும் இடையிலான இடுக்கையும் வெடிப்புகளையும் இடுக்கடைக்கும் பசையான பொலியூரித்தேன் கோக்கால் அடைத்தேன். மேலே நிலம் போட்டபின் அந்த இடங்களுக்குக் கை எட்டாது.

சரி, இனித் தெரிவு. மச்சான் தன் கராஜுக்கு எப்பொக்சி போட்டு, பளபளவென்று இருக்கிறது, இங்கேயும் அதையே போடு என்று நின்றார். எப்பொக்சி நல்ல பொருள், ஆனால் அது ஒரு தோல், ஆவியை விடாது. அடியில் ஈரம் தள்ளும் நிலத்தில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும், ஒரு இடத்தில் கழன்றால் அதன் விளிம்பிலிருந்து உரிந்துகொண்டே போகும். ஈரம் தடுக்கும் எப்பொக்சி அடிப்பூச்சு என்று தனியாக இருக்கிறது, அதற்கு நிலத்தை இயந்திரத்தால் நன்றாகச் சொரசொரப்பாக்க வேண்டும், விலையும் அதிகம். பொலித்தீனில் சுத்தமாகக் காய்ந்திருக்கும் வீட்டுக்காரர் எப்பொக்சி போடலாம், எங்கள் சுவரோரத்தை வைத்துக்கொண்டு நான் துணியவில்லை.

அடுத்தது எல்லாரும் போடும் வினைல் பலகை. பெட்டியில் நூறு வீதம் நீர்புகாது என்று எழுதியிருப்பது அந்தப் பலகைக்கு, உங்கள் நிலத்துக்கு அல்ல. பலகை ஒன்றும் ஆகாது, அதன் அடியில் தேங்கும் ஈரத்தில் சுவரடிப் பலகையும் சுவருக்கு அடிக்கும் ஜிப்ரொக் அட்டையும்தான் பூஞ்சணம் பிடிக்கும். லமினேற் இன்னும் மோசம், அதன் நடுப்பகுதி மரத்தூள் அட்டை, ஈரம் பட்டால் விளிம்பு ஊதி எழும்பும், திரும்ப இறங்காது. 2013 யூலை 8 மாலை பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை கொட்டியபோது கழிவுநீர் பின்னோக்கி வந்து எத்தனை பேருடைய பேஸ்மென்ற் நாசமானது என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும், 2024 யூலை 16இலும் 97.8 மில்லிமீற்றர். உறவினர் வீடுகளில் ஊதிப்போன லமினேற்றையும் நாறும் கார்ப்பெற்றையும் சாக்குச் சாக்காக வெளியே தூக்கிப் போட்டவன் நான். அதனால் ஒவ்வொரு பொருளையும் பார்க்கும்போது இரண்டு கேள்வி வைத்திருந்தேன்: கீழிருந்து வரும் ஆவிக்குப் போக வழி இருக்கிறதா, மேலே தண்ணீர் வந்துவிட்டால் கழுவிக் காயவிட முடியுமா?

இந்தக் கேள்விகளில் செராமிக் ரைல்ஸ் நன்றாகவே தேறும். கொங்கிறீற் வெடித்தால் ரைல்ஸும் சேர்ந்து வெடிக்காமல் இருக்க இடையில் ஒரு பிரிப்பு விரிப்புப் போட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் குளிர். அடியில் சூடாக்கும் வயர் போடலாம் என்றார்கள், காப்புத் தகடு இல்லாமல் கொங்கிறீற்மேல் நேராகப் போட்டால் அந்தச் சூட்டில் பெரும்பங்கு மண்ணுக்குத்தான் போகும். ஊரில் சிவப்புச் சீமெந்து நிலத்தில் பாய் போடாமல் படுப்பதே சுகம், இங்கே அதே குளிர்ச்சி ஜனவரியில் வயதான கால்களுக்குத் தண்டனை. வெறும் கொங்கிறீற்றில் நின்று பார்த்துவிட்டு அம்மா, "கால் விறைக்குது தம்பி, எனக்கு இது சரிவராது" என்றதும் அந்த அறையில் காலுக்கு இதமான ஒன்று வேண்டும் என்பது முடிவாகிவிட்டது.

ஹோலுக்கும் தோய்க்கும் அறைக்கும் நான் எடுத்த முடிவு, கொங்கிறீற்றையே நிலமாக்குவது. அரைத்து, சிலிக்கேற் திரவம் ஊற்றி இறுக்கி, கறை பிடிக்காமல் ஊடுருவும் பூச்சு ஒன்று கொடுப்பது. லிதியம் சிலிக்கேற் கொங்கிறீற்றில் இருக்கும் சுண்ணாம்போடு சேர்ந்து, சீமெந்துக்கு வலிமை தரும் அதே சேர்மத்தைத் துளைகளுக்குள் உருவாக்குகிறது. மேலே தோல் எதுவும் இல்லை, அதனால் உரிய எதுவும் இல்லை, ஆவியும் போய்க்கொண்டிருக்கும். தண்ணீர் வந்தால் தும்புத்தடியால் தள்ளிக் கழுவிவிடலாம்.

வேலையில் பாதி தூசிக்கான ஏற்பாடுதான். கொங்கிறீற் அரைக்கும் தூசியில் சிலிக்கா இருக்கிறது, துணி மாஸ்க் எல்லாம் அதற்குக் காணாது, பி100 வடிகட்டி போட்ட முகமூடி, ஹெப்பா வக்கூம் பூட்டிய கிறைண்டர், இரண்டும் இல்லாமல் தொடங்க வேண்டாம். தொடங்க முன் ஃபேர்னஸை நிறுத்தி, பேஸ்மென்றில் காற்றை உள்ளிழுக்கும் வாய்கள் எல்லாவற்றையும் பொலித்தீனால் மூடுங்கள், இல்லையென்றால் தூசி முழு வீட்டுக்கும் போய்விடும். படிக்கட்டு வாசலிலும் பொலித்தீன் திரை. அம்மாவின் அறைக் கதவை ரேப் போட்டு அடைத்தே வைத்திருந்தேன்.

கார்ப்பெற்றைப் பிடித்திருந்த முள்ளுப்பட்டி ஆணிகளைப் பிடுங்கியபோது சுவரோரம் முழுக்கக் குழி குழியாக உடைந்தது. சீமெந்துக் கலவையால் அடைத்தேன், அந்த ஒட்டுகள் அரைத்த பிறகும் கறுப்புப் புள்ளிகளாகத் தெரிகின்றன. இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள், வெறும் கொங்கிறீற் முடிப்பு என்றால் நிலத்தின் பழைய வரலாறு எல்லாம் வெளியே தெரியும், வெடிப்பு, ஒட்டு, பழைய சுவர் நின்ற கோடு எல்லாம். ஒரே சீரான நிறம்தான் வேண்டும் என்பவருக்கு இது சரிவராது. எனக்கு அது பிடித்திருந்தது, மனைவிக்குச் சுவரோரப் புள்ளிகள் இன்னும் பிடிக்கவில்லை.

நடுப்பகுதிக்கு வாடகைக்கு எடுத்த பெரிய இயந்திரம், ஓரங்களுக்குக் கையில் பிடிக்கும் நாலரை அங்குலக் கிறைண்டர். முதலில் 30 இலக்க வைரக் கல், அப்புறம் 80, 200, கடைசியில் 400. 30இல் மினக்கெடுங்கள், அதில் விட்ட கீறலை 200இல் நின்று எடுக்க முடியாது. 80 முடிந்ததும் நிலத்தை வக்கூம் பண்ணி, கழுவி, காயவிட்டு, சிலிக்கேற்றை விசிறினேன். அரை மணித்தியாலம் காயவிடாமல் மென்மையான தும்புத்தடியால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும், குடிக்காமல் மேலே நிற்கும் திரவத்தைத் துடைத்து எடுத்துவிட வேண்டும், விட்டால் வெள்ளைப் பொருக்காக இறுகிவிடும். ஈரமாக அரைக்கிறவர்கள் அந்தச் சேற்றை வடிகாலில் ஊற்ற வேண்டாம், குழாய்க்குள் சீமெந்தாகவே இறுகும்.

முழு நிலத்துக்கும் போகமுன் படிக்கட்டின் அடியில் ஒரு மூலையை முடித்து எங்கள் சமையலறைச் சாமான்களால் சோதித்தேன். மஞ்சள் தண்ணீர், பிளேன்ரீ, தேங்காயெண்ணெய், புளிக்கரைசல், எல்லாவற்றையும் ஊற்றி ஓர் இரவு விட்டேன். எண்ணெய் துடைத்ததும் போனது, தேநீர் சவர்க்காரத்தோடு போனது. மஞ்சள் மெல்லிய நிழலாக நின்றது, வெயில் படும் இடமென்றால் தானே மங்கிவிடும், பேஸ்மென்றில் அதற்கு வழியில்லை. புளி மட்டும் மினுக்கத்தைத் தின்று மங்கலான வட்டம் விட்டது, அமிலம் எதுவும் சுண்ணாம்பைக் கரைக்கும், சிலிக்கேற் அதைத் தடுக்காது. எலுமிச்சை, வினாகிரி, கழிவறை கழுவும் அமிலம் எல்லாம் இதே கதைதான். கீழே குசினி வைத்து வாடகைக்கு விடுகிறவர்கள் குசினிப் பகுதிக்கு ரைல்ஸ் போடுங்கள். வாடகைக்கு விடுகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பூஞ்சணம் பிடித்த நிலத்தை மலிவான கார்ப்பெற்றால் மூடிக் கொடுக்காதீர்கள். அதன்மேல் தவழப் போவது யாரோ ஒருவருடைய குழந்தை.

அம்மாவின் அறைக்கு இரண்டடிச் சதுரமான அடித்தளப் பலகைகள் போட்டேன், அடியில் குமிழ்மாதிரிப் பிளாஸ்ரிக் முகைகள் இருக்கும், அவை பலகையை உயர்த்திப் பிடித்துக் கீழே காற்றுக்கு இடைவெளி விடும். ஒன்றோடொன்று பொருத்திக்கொண்டே போவதுதான், எங்கும் துளையிடவில்லை, பழைய ரைல்ஸ் இருந்தபடியே கிடக்கிறது. சுவரோரம் கால் அங்குலம் விட வேண்டும், அந்த இடைவெளியைக் கோக் போட்டு அடைத்துவிட வேண்டாம், ஆவி போகும் வழி அதுதான். மேலே, பசையில்லாமல் ஒன்றோடொன்று பூட்டும் கிளிக் வினைல். இந்தப் பலகையின் மேற்பகுதி மரச்சில்லு அழுத்தியது, கழிவுநீர் ஏறினால் கழற்றி எறியத்தான் வேண்டும், அது தெரிந்துதான் போட்டேன். அறை வடிகாலிலிருந்து தூரத்தில், நிலத்தின் உயர்ந்த பக்கத்தில் இருக்கிறது, கழிவுநீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வும் பூட்டியாகிவிட்டது. அந்த வால்வுக்கு ரொறொன்ரோ நகரசபை உதவித்தொகை கொடுக்கிறது, விண்ணப்பிக்காமல் விடாதீர்கள்.

உயரத்தையும் கணக்குப் பாருங்கள். பலகையும் வினைலும் சேர்ந்து ஒன்றேகால் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக எடுத்தது. ஒன்ராறியோவில் இருக்கிற வீட்டின் கீழே இரண்டாவது குடியிருப்புப் போட 1.95 மீற்றர் கூரை உயரம் வேண்டும், காற்றுக்குழாய் ஓடும் இடத்தில் அது சட்டென்று குறைந்துவிடும். கதவுகளின் அடியை வெட்ட வேண்டி வரும். ஹோலிலும் இதைப் போட்டிருந்தால் படிக்கட்டின் கடைசிப் படி மற்றவற்றைவிடக் கட்டையாகி இருட்டில் தடுக்கும், வெறும் கொங்கிறீற்றைத் தெரிந்தெடுத்ததில் அந்தத் தலையிடி மிச்சம்.

கோடையில்தான் புதிய பழக்கம் ஒன்று தேவைப்பட்டது. வெளியே 28 பாகை, ஈரப்பதன் 70 வீதம் என்றால் அந்தக் காற்று 22 பாகையிலோ அதற்குக் கீழோ உள்ள எதைத் தொட்டாலும் தண்ணீராகப் படியும், எங்கள் நிலம் யூலையிலும் 18 பாகைதான். ஆகவே கீழே புழுக்கமாக இருக்கிறது என்று யன்னலைத் திறந்து விட்டால் நிலம் வியர்க்கும். யன்னலைப் பூட்டி, காற்றின் ஈரத்தை எடுக்கும் டிஹியுமிடிபையரை 50 வீதத்தில் வைத்து, அதன் குழாயை வடிகாலுக்குள் விட்டிருக்கிறேன். அந்தத் தண்ணீர் ஓடும்வரை வடிகாலின் வளைவும் காயாது, காய்ந்தால் கழிவுவாயு மேலே வரும். இயந்திரம் ஓடாத குளிர்காலத்தில் இடைக்கிடை ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் போதும்.

ஹோலில் கதிரைகளுக்குக் கீழே பருத்தி விரிப்புகள்தான் போட்டிருக்கிறோம், மெஷினில் தோய்க்கலாம். அடியில் ரப்பர் ஒட்டிய விரிப்பை வெறும் கொங்கிறீற்றில் போடாதீர்கள், அதுவும் ஆவியை மறித்து அதே சதுரத்துக்கு நிலத்தைக் கறுக்க வைக்கும். புத்தகப் பெட்டிகள், அரிசி மூட்டை எல்லாம் கம்பித் தட்டில் நிலத்திலிருந்து உயர்த்தி, சுவரிலிருந்து இரண்டங்குலம் தள்ளி வைத்திருக்கிறோம். கறை தடுக்கும் பூச்சை நடமாட்டத்தைப் பொறுத்து மறுபடி கொடுக்க வேண்டும்: படிக்கட்டடியில் ஒரு துளி தண்ணீர் விட்டுப் பார்ப்பேன், உருண்டு நின்றால் இன்னும் இருக்கிறது, நிலம் குடித்துக் கறுத்தால் அடுத்த பூச்சுக்கு நேரம்.